பெயரில்லாக் குற்றத்திற்குப் பெயரிட்டவர்

அறிவியல் கற்போர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். புதிதாகக் கண்ட தனிமத்திற்கோ நோய்க்கிருமிக்கோ ஒரு பெயர் வைத்த பிறகுதான் அதைப் பற்றி உலகம் ஒழுங்காகப் பேசத் தொடங்குகிறது. பெயர் இல்லாத பொருள் இருந்தும் இல்லாதது போலவே கிடக்கும். சட்ட உலகிலும் இதே கதைதான். ஒருவனைக் கொன்றால் அது கொலை. பிறர் வீட்டில் புகுந்து பொருளை எடுத்தால் அது களவு. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தையே, அந்தக் கூட்டத்தில் பிறந்தார்கள் என்னும் ஒரே காரணத்திற்காக, அடியோடு அழித்தால் அதற்கு என்ன பெயர்? 1944-ஆம் ஆண்டு வரை அதற்குத் தனிப்பெயர் இல்லை. அந்தப் பெயரை வைத்தவரும், அதைச் சட்டமாக்கியவரும், அச்சட்டத்திற்காகவே வாழ்ந்து வறுமையில் மாண்டவரும் ஒருவரே. அவர்தாம் இராபேல் லெம்கின்.

லெம்கின் 1900-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த இடம் வோல்கோவிஸ்க் என்னும் நகரை அடுத்த ஒரு பண்ணை. அன்று அது ருஷ்யப் பேரரசைச் சேர்ந்தது. பிறகு போலந்தைச் சேர்ந்தது. இன்று பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. மண் ஒன்றுதான், அதை ஆண்ட கொடிகள்தாம் மாறின. யூதர்கள் நாட்டுப்புறத்தில் நிலம் வைத்துப் பிழைப்பதை ஜார் ஆட்சியின் சட்டம் தடுத்தது. ஆகவே உள்ளூர்ப் போலீஸ்காரருக்குக் கையூட்டுக் கொடுத்துக் கொண்டேதான் அக்குடும்பம் பண்ணையில் குடியிருக்க முடிந்தது. சட்டம் என்பது காப்பாற்றும் கையாகவும் இருக்கலாம், கழுத்தை நெரிக்கும் கையாகவும் இருக்கலாம் என்பதை அச்சிறுவன் பள்ளிக்குப் போகுமுன்னரே கண்டுகொண்டான்.

தாயார் பெல்லா நூல் பல கற்றவர். பிள்ளைகளுக்கு அவரே வீட்டில் ஆசிரியர். சிறுவன் இராபேல் ஒரு நாள் சியென்கியேவிச் எழுதிய குவோ வாடிஸ் என்னும் நாவலைப் படித்தான். நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைச் சிங்கங்களுக்கு இரையாக்கியதும், கூடியிருந்த ரோமானியர் கைதட்டி மகிழ்ந்ததும் அவன் உள்ளத்தைச் சுட்டன. ஏன் ஒருவரும் தடுக்கவில்லை என்று தாயை வினவினான். 1906-ஆம் ஆண்டில், அவர்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத பியாலிஸ்டாக் நகரில் யூதர்கள் மீது கலகக் கும்பல் பாய்ந்து பலரைக் கொன்றது. கதையில் படித்தது கண்ணெதிரில் வந்து நின்றது.

முதல் உலகப் போரில் அவர்கள் பண்ணையே போர்க்களம் ஆயிற்று. குடும்பத்தார் புத்தகங்களை மண்ணில் புதைத்துவிட்டுக் காட்டில் ஒளிந்தனர். பீரங்கிக் குண்டு வீட்டை எரித்தது. நோயும் பட்டினியும் சேர்ந்து தம்பி சாமுவேலைக் கொண்டு போயின.

போருக்குப் பின் லெம்கின் லுவோவ் நகரப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். முதலில் அவர் நாடியது மொழியியல். அவரைச் சட்டத்தின் பக்கம் திருப்பியது பெர்லினில் நடந்த ஒரு கொலை. 1921-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், பட்டப்பகலில், தெஹ்லிரியன் என்னும் ஆர்மீனிய இளைஞன் தலாத் பாஷாவைச் சுட்டுக் கொன்றான். தலாத், 1915-ஆம் ஆண்டில் லட்சக்கணக்கான ஆர்மீனியர் நாடு கடத்தப்பட்டு மடிந்தபோது துருக்கி அரசின் உள்நாட்டமைச்சராக இருந்தவர். போர் முடிந்ததும் ஜெர்மனியில் புகுந்து அமைதியாக வாழ்ந்து வந்தவர். தெஹ்லிரியன் மீது வழக்கு நடந்தது. ஜூரிகள் அவனை விடுதலை செய்தனர்.

லெம்கின் தம் பேராசிரியரிடம் ஓர் ஐயம் கேட்டார். ஒருவரைக் கொன்ற தெஹ்லிரியனை நீதிமன்றத்தில் நிறுத்தினார்களே, ஓர் இனத்தையே அழித்த தலாத்தை ஏன் எந்த நீதிமன்றமும் பிடித்து நிறுத்தவில்லை என்பதே அவ்வையம். பேராசிரியர் ஓர் உவமை கூறினார். கோழி வளர்ப்பவன் தன் கோழிகளைத் தானே அறுத்தால் அயலான் தலையிட முடியாது. தலையிட்டால் அது அத்துமீறல். இறைமையுள்ள அரசும் தன் குடிகளும் அப்படித்தான் என்றார் அவர். மக்கள் கோழிகள் அல்லரே என்பது மாணவரின் மறுமொழி. அந்த ஒரு விடையில்தான் அவருடைய பின்னாளைய வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

சற்றே நின்று சிந்திப்போம். உள்நாட்டுச் சட்டம் என்பது ஒவ்வோர் அரசும் தன் எல்லைக்குள் இயற்றுவது. அனைத்துலகச் சட்டம் என்பது அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடுகளாலும் வழக்கங்களாலும் அமைவது. அந்நாளில் அனைத்துலகச் சட்டத்தின் கண்ணுக்கு அரசுகள் மட்டுமே தெரிந்தன. அரசின் கீழிருந்த மனிதன் அநேகமாகத் தெரியவேயில்லை. காவல் காக்க வேண்டிய அரசே கொலைகாரனானால் குடிமகன் எங்கே சென்று முறையிடுவான்? வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் ஏது? இந்த இடைவெளியை அடைப்பதுதான் லெம்கின் மேற்கொண்ட பணி.

படிப்பு முடிந்து அவர் வார்சா நகரில் அரசு வழக்கறிஞர் துறையில் பணியாற்றினார். 1933-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில், மாட்ரிட் நகரில் சட்ட அறிஞர் மாநாடு ஒன்று கூடியது. அதற்கு ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இனத்தையோ சமயத்தினரையோ அழிப்பதைக் காட்டுமிராண்டிக் குற்றம் என்றும், அவர்தம் கலைச் செல்வங்களை அழிப்பதைப் பண்பாட்டழிப்புக் குற்றம் என்றும் வகுத்து, இவற்றைச் செய்தவன் எந்த நாட்டில் அகப்பட்டாலும் அந்த நாட்டிலேயே தண்டிக்கலாம் என்று சட்டம் வேண்டினார். போலந்து அரசு அவரை மாநாட்டுக்குச் செல்லவிடவில்லை. கட்டுரை சென்றது, கட்டுரையாளர் செல்லவில்லை. மாநாடும் ஒன்றும் முடிவு செய்யாமல் கலைந்தது. மறு ஆண்டில் அவர் அரசுப் பணியையும் இழந்தார்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. லெம்கின் வார்சாவை விட்டு வெளியேறினார். ஏறிய இரயில் வண்டி குண்டு வீச்சுக்கு இரையானது. காடுகளின் வழியே நடந்து பெற்றோரைக் கண்டார்; தம்முடன் வந்துவிடுமாறு மன்றாடினார். பிறந்த மண்ணை விட்டு வர அவர்கள் இசையவில்லை. அதுவே கடைசிச் சந்திப்பு. லித்துவேனியா வழியாகச் சுவீடனை அடைந்தார். அங்கே விரிவுரை நிகழ்த்திக் கொண்டே ஒரு விந்தையான சேகரிப்பில் இறங்கினார். ஜெர்மானியர் தாம் பிடித்த நாடுகளில் வெளியிட்ட ஆணைகளையும் அரசிதழ்களையும் ஒன்று விடாமல் திரட்டினார். யூதர் இன்னின்ன அடையாளம் அணிய வேண்டும், இன்னின்ன தொழில் செய்யலாகாது, இன்னாருக்கு இவ்வளவு உணவுதான் பங்கீடு என்னும் ஆணைகள் அவை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏதோ நிருவாகக் காகிதம். அடுக்கி வைத்துப் பார்த்தால் ஓர் இனத்தைப் படிப்படியாக அழிக்கும் திட்டம்! சிதறிய தரவுகளை வரிசைப்படுத்தி விதியைக் காணும் ஆய்வாளன் செயலன்றோ இது?

1941-ஆம் ஆண்டில் சைபீரியா இரயில் பாதையில் ருஷ்யாவைக் கடந்து, ஜப்பான் வழியாகப் பசிபிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்கா சேர்ந்தார். வட கரோலினா மாநிலத்தில் உள்ள டியூக் பல்கலைக் கழகம் அவருக்கு இடம் அளித்தது. அந்த ஆண்டு ஜூனில் பெற்றோரின் கடிதம் ஒன்று வந்தது. சில நாட்களிலேயே ஹிட்லரின் படை கிழக்கே பாய்ந்து அவர்கள் ஊரையும் விழுங்கிவிட்டது. பிறகு கடிதம் வரவில்லை.

1944 நவம்பரில் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அச்சு நாடுகள் பிடித்த ஐரோப்பாவில் நடத்திய ஆட்சியைப் பற்றியது அது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அதன் ஒன்பதாம் அதிகாரத்தில்தான் ஜெனோசைடு என்னும் புதுச்சொல் முதன்முதலில் அச்சேறியது. இனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் கொல்லுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையும் ஒட்டிச் செய்த சொல் அது. தமிழில் நாம் இனப்படுகொலை என்கிறோம். அவர் ஒட்டிய அதே இரண்டு கருத்துகளைத்தான் நம் மொழியும் ஒட்டியிருக்கிறது. இளமையில் பயின்ற மொழியியல் முதுமைக்கு முன்னமே பயன் தந்தது.

போர் முடிந்தது. 1945 இறுதியில் நியூரம்பர்க் நகரில் நாஜித் தலைவர்கள் மீது விசாரணை தொடங்கியது. லெம்கின் அமெரிக்க வழக்குத் தொடுப்போர் குழுவுக்கு உதவியாளராக இருந்தார். குற்றப்பத்திரிகையில் அவருடைய சொல் இடம் பெற்றது. அங்கே சென்றபோதுதான் தம் குடும்பத்தில் 49 பேர் மாண்டதை அவர் அறிந்தார். பெற்றோரும் அவர்களுள் அடக்கம். தமையன் எலியாசும் அவர் மனைவி மக்களுமே எஞ்சியவர்கள். 1946 அக்டோபர் 1-ஆம் நாள் தீர்ப்பு முடிந்தது. அதில் அவருடைய சொல் இல்லை. போரோடு தொடர்புடைய கொடுமைகளை மட்டுமே அந்நீதிமன்றம் தண்டித்தது. போர் தொடங்குமுன் ஓர் அரசு தன் சொந்தக் குடிகளுக்கு இழைத்த கொடுமை அதன் வரம்புக்கு அப்பால் நின்றது. கோழிப் பண்ணை உவமை இன்னும் உயிரோடுதான் இருந்தது.

இங்கே மற்றோர் அறிஞரையும் நினைக்க வேண்டும். ஹெர்ஷ் லாட்டர்பாக்ட் என்பவரும் அதே லுவோவ் பல்கலைக் கழகத்தில் பயின்றவர், அவரும் யூதர், அவரும் தம் பெற்றோரை அதே கொடுமைக்குப் பறிகொடுத்தவர். ஆனால் அவர் காண விரும்பியது தனி மனிதனின் உரிமை. ஒவ்வொரு மனிதனையும் காத்தால் கூட்டம் தானே காக்கப்படும், கூட்டத்தைப் பெரிதாகப் பேசினால் இனப்பகையே வளரும் என்பது அவர் அச்சம். மனிதனைக் கொல்வது அவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதற்காகத்தானே, பிறகு கூட்டத்தைக் காக்காமல் மனிதனைக் காப்பது எங்ஙனம் என்பது லெம்கின் கட்சி. இவ்விரு நோக்கும் இன்றைய மனித உரிமைச் சட்டத்தில் அருகருகே நிற்கின்றன. எது முற்றும் சரி என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

தீர்ப்பால் மனமொடிந்த லெம்கின், அதே மாதத்தில் நியூயார்க்கை அடுத்த லேக் சக்சஸ் என்னும் இடத்தில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு ஓடினார். அவருக்குப் பதவி இல்லை. அவரை அனுப்பிய நாடு இல்லை. கையில் ஒரு தீர்மான வரைவு மட்டும் இருந்தது. அதை முன்மொழிய மூன்று நாடுகள் இசைந்தன: கியூபா, பனாமா, இந்தியா. இந்தியத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் விஜயலட்சுமி பண்டிட் அம்மையார். சுதந்திரமே இன்னும் பெறாத இந்தியா இக்காரியத்தில் முன்னே நின்றது நாம் மறக்கத்தகாத செய்தி.

அதே கூட்டத்தொடரில் இந்தியா மற்றொரு வழக்கையும் கொண்டு வந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்திய மக்கள் நிற வேற்றுமையால் ஒடுக்கப்படுவதைப் பற்றிய முறையீடு அது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி நேட்டாலில் குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் அம்மக்களுள் பெருந்தொகையினர். தென்னாப்பிரிக்க அரசு சொன்ன விடை என்ன? இது எங்கள் உள்நாட்டு விவகாரம். பிறர் தலையிட ஐ.நா. சாசனம் இடம் தராது என்பதே. அதே கோழிப் பண்ணை வாதம்! பொதுச் சபை அதை ஏற்கவில்லை. 1946 டிசம்பர் 8-ஆம் நாள் இந்தியாவின் முறையீடு தீர்மானமாயிற்று. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 11-ஆம் நாள், இனப்படுகொலை அனைத்துலகச் சட்டப்படி குற்றம் என்னும் தீர்மானமும் நிறைவேறியது. ஒரே வாரத்தில் ஒரே கோட்டையின் இரு கதவுகள் திறந்தன.

தீர்மானம் என்பது விருப்பம். உடன்படிக்கை என்பது கடமை. அடுத்த ஈராண்டும் லெம்கின் உடன்படிக்கைக்காக உழைத்தார். தூதர்களின் அறைக் கதவுகளைத் தட்டினார். தாழ்வாரங்களில் காத்து நின்றார். பல மொழிகளில் கடிதம் எழுதிக் குவித்தார். அவர் வருவதைக் கண்டு வேறு பக்கம் திரும்பிப் போனவர்களும் உண்டு. பேரம் இல்லாமல் சட்டம் பிறப்பதில்லை. அரசியல் கட்சியினரை அழிப்பது வரையறையிலிருந்து விலக்கப்பட்டது. மொழியையும் கலையையும் அழிக்கும் பண்பாட்டு இனக்கொலை, அவர் உயிராய்க் கருதிய பகுதி, அதுவும் வாக்கெடுப்பில் வெட்டுண்டது.

1948 டிசம்பர் 9-ஆம் நாள் பாரிஸ் நகரில் பொதுச் சபை, எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி, உடன்படிக்கையை ஏற்றது. தேசிய இனம், மரபினம், நிற இனம், சமயம் என்னும் நால்வகைக் கூட்டங்களுள் ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்கள் அதில் குறிக்கப்பட்டன: கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ பெருந்தீங்கு செய்தல், வாழ முடியாத நிலைமைகளைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பறித்து வேறு கூட்டத்திடம் சேர்த்தல். அமைதிக் காலத்திலும் இது குற்றமே. ஆட்சியாளனும் தப்ப முடியாது. மறுநாள் டிசம்பர் 10-ஆம் நாள் மனித உரிமைப் பேரறிக்கை பிறந்தது. லெம்கின் வென்ற அன்று இரவு, அவரைத் தேடிய நிருபர்கள் இருண்ட மண்டபத்தில் அவர் தனியே அமர்ந்து அழுவதைக் கண்டனர் என்று சொல்வார்கள்.

இருபது நாடுகள் உறுதி செய்த பின், 1951 ஜனவரி 12-ஆம் நாள் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவரை ஏற்றுக்கொண்ட அமெரிக்காவே அதை உறுதி செய்யவில்லை. 1988-ஆம் ஆண்டு வரை செய்யவில்லை. எஞ்சிய ஆண்டுகளை லெம்கின் அதற்காகவே செலவிட்டார். திருமணம் இல்லை, நிலையான வருவாய் இல்லை. நோபல் பரிசுக்குப் பல முறை முன்மொழியப்பட்டார், கிடைக்கவில்லை. பிடிவாதம் அவருடைய வலிமை, குறையும் அதுவே. மனித உரிமை உடன்படிக்கைகள் தம் சட்டத்தின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று அஞ்சி அவற்றை எதிர்த்தார். துணை நிற்க வேண்டியவர்களோடும் பகைத்துக் கொண்டார்.

1959 ஆகஸ்டு 27-ஆம் நாள் இந்தியா உடன்படிக்கையை உறுதி செய்தது. மறுநாள், ஆகஸ்டு 28, நியூயார்க் நகரத் தெருவில் லெம்கின் மாரடைப்பால் விழுந்து இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர் என்பர்.

அவர் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்தது. 1994-ஆம் ஆண்டில் ருவாண்டாவில் சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கான துத்சி மக்கள் கொல்லப்பட்டபோது உலகம் பார்த்துக் கொண்டுதான் இருந்தது. எனினும் இம்முறை பின்னால் ஒரு நீதிமன்றம் எழுந்தது. 1998 செப்டம்பர் 2-ஆம் நாள், தாபா என்னும் ஊரின் தலைவனாக இருந்த அக்காயேசு இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. அனைத்துலக நீதிமன்றம் ஒன்று இக்குற்றத்திற்காக ஒருவனைத் தண்டித்தது அதுவே முதல் முறை. தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்த தமிழ் மரபினரான நவநீதம் பிள்ளை அம்மையார். 1946-இல் எந்த மக்களின் குறை உள்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கப்பட்டதோ, அந்த மக்களிலிருந்து வந்த ஒருவர் லெம்கினின் சொல்லுக்கு உயிர் கொடுக்கும் இருக்கையில் அமர்ந்திருந்தார்!

இனி நம் நாட்டின் நிலை என்ன? உடன்படிக்கையின் ஐந்தாம் விதி, ஒவ்வோர் அரசும் தன் உள்நாட்டுச் சட்டத்தில் இதற்கு வழி செய்ய வேண்டும் என்கிறது. நம் நாட்டு முறைப்படி, வெளிநாட்டோடு செய்த உடன்படிக்கை தானாகவே நீதிமன்றத்தில் சட்டமாகிவிடாது; அரசியலமைப்பின் 253-ஆம் விதிப்படி பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 1993-இல் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனித உரிமை ஆணையம் அமைந்தது. ஆனால் முன்மொழிந்த மூன்று நாடுகளுள் ஒன்றாகிய இந்தியாவில் இனப்படுகொலை என்னும் குற்றத்திற்குத் தனிச்சட்டம் இல்லை. 1984-இல் சீக்கியர்கள் கொல்லப்பட்டது தொடர்பான ஒரு வழக்கில், 2018 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் இந்தக் குறையை வெளிப்படையாகச் சுட்டி, விரைந்து நீக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் அந்தப் பெயர் இல்லை.

அனைத்துலகச் சட்டம் கலங்கரை விளக்கம் போன்றது. வழி காட்டும், கரை சேர்க்காது. கரை சேர்க்கும் படகு உள்நாட்டுச் சட்டமே. விளக்கு எரிய வேண்டும் என்று 1946-இல் கை தூக்கிய நாடு நம் நாடு. படகு கட்டும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. சட்டம் பயிலும் தோழர்கள் மட்டுமல்லர், வாக்குரிமை பெற்ற நாம் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. பதவியும் படையும் இல்லாத ஒரு மனிதர், ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உலக அரசுகளின் கதவைத் தட்டித் திறந்தார். நம் பாராளுமன்றத்தின் கதவைத் தட்ட நமக்குக் கையில்லையா?